கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே

சென்னை கோபாலபுரத்தின் தெற்கு எல்லை கதீட்ரல் ரோடு. மியூசிக் அகாடமி முனையைத் தாண்டினால் அதே சாலை ராதாகிருஷ்ணன் சாலை ஆகிவிடும். கிழக்கே நடந்துகொண்டே இருந்தால், கடல் காற்று முகத்தில் படத் தொடங்கும் நேரத்தில், பறக்கும் ரயில் தலைக்கு மேலே குறுக்கே போகும். அங்கே சாலைக்கு அடியில் ஒரு பாலம் இருக்கிறது. பேருந்தில் போகிறவர்களுக்குப் பாலத்தைக் கடந்ததே தெரியாது. நடந்து போகிறவர்கள் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று எட்டிப் பார்த்தால், கீழே பக்கிங்காம் கால்வாய்.

தண்ணீர் கறுப்பு. அசைகிறதா நிற்கிறதா என்று உடனே சொல்ல முடியாது. ரயில் பாதையைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள் நீருக்குள்ளேயே இறங்கியிருக்கின்றன. தூணைச் சுற்றிப் பிளாஸ்டிக் பைகளும் தெர்மாகோல் துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்க, அந்தக் குப்பை மேட்டில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். நாற்றம் உண்டு. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் இரண்டு நிமிடம் பொறுத்து நின்றால் மிதக்கும் ஒரு இலையோ காகிதமோ மெல்ல நகர்வது தெரியும். கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும்படி வெட்டிய உப்புநீர்க் கால்வாய் இது. இத்தனை அடைப்புகளுக்குப் பிறகும் அந்த இயக்கம் முழுதாக அற்றுப்போகவில்லை.

கால்வாய் நகரம் என்றால் நமக்கு வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் ஆலப்புழை. சென்னையை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. வெளியூரிலிருந்து வரும் உறவினருக்கு நாம் சுற்றிக் காட்டும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், ஐஸ் ஹவுஸ், கலங்கரை விளக்கம், சாந்தோம் பேராலயம், கபாலீஸ்வரர் கோயில், அடையாறு பிரம்மஞான சபை, கலாக்ஷேத்ரா, சோழமண்டல ஓவியர் கிராமம், தக்ஷிணசித்ரா, கடைசியில் மாமல்லபுரம். அத்தனையும் ஒரே நீண்ட நிலப்பட்டையில் இருக்கின்றன. அதற்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் மட்டும் கால்வாய்க்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. சென்னையின் பண்பாட்டு வரைபடத்தைக் கோர்க்கும் கயிறு ஒன்று உண்டென்றால் அது அண்ணா சாலை இல்லை, இந்தக் கால்வாய்தான்.

பசியில் வெட்டிய வழி

கால்வாயின் கதை ஒரு தனி மனிதரின் வியாபாரத்தில் தொடங்குகிறது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1806இல் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு வெட்டிய கால்வாய், அவர் பெயராலேயே காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837இல் அரசாங்கம் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அதன்பின் வடக்கே பழவேற்காடு ஏரி, அதற்கும் மேலே நெல்லூர்ச் சீமை என்று துண்டு துண்டாக நீண்டது. தெற்கே மரக்காணம் வரை போனது. இன்று ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுக்குள் இருப்பது சுமார் 163 கிலோமீட்டர்.

இடையில் விடுபட்டிருந்தது நகரத்துக்குள் இருந்த துண்டு. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். அதாவது சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி. அந்தத் துண்டு எப்போது, யார் கையால் வெட்டப்பட்டது என்பதைச் சென்னைவாசி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

1876இல் தொடங்கி 1878 வரை நீடித்தது தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது. தானிய விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கிராமங்களை விட்டு மக்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். சென்னைக் கடற்கரையிலோ இறக்குமதி அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. வாங்கக் காசில்லாதவர்களுக்கு அது கண்ணால் பார்க்க மட்டும்.

நிவாரணம் என்று அரசு கொடுத்தது வேலை. 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் அளவு, கூடவே ஒரு அணா. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதி வாதாடினார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. மண்வெட்டியும் கூடையுமாக, எலும்பு தெரியும் உடம்புகளோடு ஆணும் பெண்ணும் இறங்கி வெட்டியது. அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு, 1875 முதல் 1880 வரை. கால்வாய் முழுதுக்கும் அவர் பெயர் வந்தது. வெட்டியவர்கள் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

தாஜ்மகாலைப் பார்க்கப் போகிறவர்கள் ஷாஜகானை நினைக்கிறார்கள், மும்தாஜை நினைக்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயைப் பார்க்கும்போது நினைக்க வேண்டியவர்கள் இவர்கள். இந்த நகரத்தில் பஞ்சத்தின் நினைவுச்சின்னம் என்று சொல்லத்தக்க மிகப் பெரிய கட்டுமானம் இதுதான். அதை நாம் சாக்கடை என்று அழைக்கிறோம்.

பறக்கும் ரயிலின் ஜன்னலோரம்

கால்வாயைப் பார்ப்பதற்குச் சிறந்த வழி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: பறக்கும் ரயில். 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என நீண்ட பாதை. சேப்பாக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாலும் கால்வாயின் மேலேயே போகிறது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை வேண்டாம் என்று நீர்வழியின் மேல் தூண் நட்டார்கள். கால்வாய் குறுகியது. மழைநீர் கடலுக்குப் போகும் வழி இறுகியது. இது தவறான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ரயிலில்தான் இன்று வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் தரமணிக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும் போகிறார்கள். ரயிலை இனி எடுக்க முடியாது. கீழே ஓடும் நீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும்.

சேப்பாக்கத்தில் ஏறுங்கள். ஒரு டீயின் விலைகூட ஆகாத டிக்கெட். ஏறுவதற்கு முன் நிலையத்துக்கு வெளியே ஒரு சுற்று சுற்றலாம். ஒரு பக்கம் கிரிக்கெட் மைதானம், அதற்கு அப்பால் ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் அரண்மனை. 1768இல் எழுந்தது. சற்றுத் தள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் கைவண்ணம். இவற்றின் முகம் கடலைப் பார்க்க, முதுகுப்பக்கம் கால்வாய் ஓடுகிறது.

திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கினால் பார்த்தசாரதி கோயிலும், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும் நடை தூரம். கிழக்கே போனால் ஐஸ் ஹவுஸ். அந்தக் கட்டடத்தின் வாழ்க்கை வரலாறு வேறெந்தக் கட்டடத்துக்கும் வாய்க்காதது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க, டியூடர் என்பவரின் கம்பெனி 1842இல் கட்டியது. பனிக்கட்டி வியாபாரம் படுத்ததும் கை மாறியது. 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே 9 நாள் தங்கினார். பின்னர், இளம் வயதிலேயே கணவரை இழந்தும் படித்து 1911இல் பட்டம் பெற்ற ஆர்.எஸ். சுப்பலட்சுமி, தன்னைப்போன்ற இளம் கைம்பெண்களைப் படிக்க வைக்கும் விடுதியை அங்கே நடத்தினார். விவேகானந்தர் இல்லம் என்று இன்று எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள், நல்லது. அங்கே ஏ, பி, சி படித்த அந்தச் சிறுமிகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

கலங்கரை விளக்கம் நிலையம் தாண்டி முண்டகக்கண்ணியம்மன் கோயில், பிறகு திருமயிலை. மயிலாப்பூரைப் பற்றி நூறு கட்டுரை வந்தாகிவிட்டது. லஸ் தேவாலயம் 1516இல் எழுந்தது, இந்தியாவின் மிகப் பழைய ஐரோப்பியத் தேவாலயங்களில் ஒன்று; திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் மாத விழாக்களை வரிசையாகச் சொல்கிறார்; பங்குனியில் அறுபத்து மூவர் விழாவுக்கு மாடவீதி கொள்ளாது. இவை வாசகர்கள் அறிந்தவை. லஸ் முனையில் மெட்ரோ ரயிலுக்காக ஆழத் தோண்டிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் தூசி தின்னத்தான் வேண்டும். நான் சொல்ல விரும்புவது வேறு. இந்த மயிலாப்பூரின் அடுப்பு எரிந்தது கால்வாயால். கேஸ் வருவதற்கு முன்னால் நகரத்தின் சமையலறைகளுக்கு வேண்டிய சவுக்கு விறகு கடலோரத் தோப்புகளிலிருந்து படகில் வந்து, கால்வாய்க் கரை விறகுத்தொட்டிகளில் இறங்கியது. உப்பு வந்தது, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வந்தது, நெல் வந்தது, மீன் வந்தது. வடக்கே இருந்து வந்த உப்புப் படகுகள் பேசின் பிரிட்ஜ் அருகே சால்ட் கோட்டர்ஸில் சரக்கை இறக்கின. நகரம் உண்டதிலும் எரித்ததிலும் பெரும்பங்கு இந்த நீரில் மிதந்து வந்தது.

கிரீன்வேஸ் சாலை நிலையம் தாண்டியதும் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம். ரயில் அடையாற்றைக் கடக்கும் அந்த அரை நிமிடம் சென்னை தரும் நல்ல காட்சிகளில் ஒன்று. கிழக்கே ஆறு அகன்று முகத்துவாரத்தை நோக்கிப் போகிறது. தூரத்தில் திரு.வி.க. பாலம், அதற்கப்பால் பிரம்மஞான சபையின் மரங்கள். 1882 முதல் அங்கே இருக்கும் அந்தத் தோப்பினால்தான் தென்கரை இன்னும் பச்சையாக இருக்கிறது. வடகரையில், கழிவும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தை மீட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவைத் திறந்தார்கள். சதுப்பு மரங்கள் வேர் பிடித்தன, பறவைகள் திரும்பின. சென்னையில் கெட்டுப்போன நீர்நிலை மறுபடி உயிர் பெறாது என்று சொல்கிறவர்களை நான் அங்கே அனுப்புவேன்.

பாரதிதாசன் போன படகு

1930களில் பாரதிதாசன் தன்மான இயக்கத் தோழர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகேறிப் போனார். அந்தப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக எழுதினார். உல்லாசப் பயணம்தான். நண்பர்கள், பேச்சு, திறந்த வானம் எல்லாம் இருக்கிறது. ஆனால் கவிஞரின் கண் ஓரிடத்தில் நிலைகுத்தி விடுகிறது. கரையில் ஒருவர் தோளில் கயிறு மாட்டித் தோணியை இழுத்துக்கொண்டு நடக்கிறார். பின்புறம் இன்னொருவர் முதுகு வளையக் கோலூன்றித் தள்ளுகிறார். அந்தக் காட்சியைப் பொறுக்க மாட்டாமல், உழைப்பவர் தோள் இல்லாமல் உலகில் யாரும் இன்பக் கரை ஏற முடியாது என்ற எண்ணத்துக்குக் கவிதை திரும்புகிறது. பஞ்சத்தில் வெட்டிய கால்வாயில் போய்க்கொண்டிருந்தவருக்கு அது தோன்றியது பொருத்தம்தான்.

படகுகள் அப்படித்தான் ஓடின. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கோல். மற்றபடி கரையோரப் பாதையில் நடந்து கயிற்றால் இழுப்பது. ஆறுகளைக் கடக்கும் இடங்களில் கால்வாயின் நீர்மட்டம் காக்க மதகுக் கதவுகள் இருந்தன. படகை உள்ளே விட்டு ஒரு கதவை மூடி, நீர்மட்டம் சமமான பிறகு மறு கதவைத் திறப்பார்கள். 1960களின் புயல்களும் லாரிகளும் சேர்ந்து இந்தப் போக்குவரத்தை முடித்துவைத்தன.

பாரதிதாசன் போன வழியில் இன்று படகில் முழுதாகப் போக முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கால்வாயை வலப்பக்கம் நினைத்துக்கொண்டு போகலாம். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, திருவான்மியூரில் ஆலமர நிழலில் இன்னும் அடவு கற்பிக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் வழிகாட்டலில் ஓவியர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு 1966இல் நிறுவிய சோழமண்டலம். முட்டுக்காட்டில், தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய தக்ஷிணசித்ரா, 1996இலிருந்து. அங்கேயே கோவளம் கழிமுகத்தில் படகுக் குழாம். நகரத்துக் கறுப்பு நீரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே கால்வாய் உண்மையில் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். வானத்தின் நிறத்தில் அகன்ற நீர், ஓரத்தில் வலை வீசும் மனிதர்கள்.

நான் இந்தப் பட்டியலில் இன்னொரு இடத்தையும் சேர்ப்பேன்: கண்ணகி நகர். ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கம் அருகே, தெற்குக் கால்வாயிலிருந்து தூரமில்லாத மறுகுடியமர்வுப் பகுதி. கூவம், அடையாறு, பக்கிங்காம் கரைகளில் தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000 முதல் இங்கே குடியேற்றினார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்று அவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 2020இல் ஓவியர்கள் வந்து அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்தைப்போல் பல மடங்கு பெரிய சித்திரங்கள் தீட்டினார்கள், அங்கே வாழும் மனிதர்களின் முகங்கள் உட்பட. கால்வாய்க் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள் இப்போது சுவர் நிறைய நின்று நம்மைப் பார்க்கிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பத்துக்குக் காட்டும் அதே பொறுமையோடு அந்தச் சுவர்களையும் நின்று பாருங்கள்.

என்ன செய்யலாம்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1970களில் பழைய கால்வாயின் ஒரு பகுதியைத் தூர்த்துக் கார்கள் ஓடும் விரைவுச்சாலை போட்டார்கள். பிறகு நகரத்து மக்களே மனம் மாறி, சாலையைப் பெயர்த்து, 2020இல் தண்ணீரை மறுபடி விட்டார்கள். பாங்காக்கில் 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய சேன் சேப் கால்வாயில் இன்றும் ஆபீஸ் போகிறவர்கள் படகில்தான் போகிறார்கள். அங்கேயும் நீர் கறுப்புதான், ஆனாலும் படகு ஓடுகிறது. படகு ஓடுவதால் ஆட்களின் கண் அதன்மேல் இருக்கிறது, கண் இருப்பதால் சுத்தம் செய்யும்படி குரல் எழுகிறது. நமக்கு இல்லாதது அந்தக் கண்.

2008இல் மத்திய அரசு காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. பக்கிங்காம் கால்வாய் அதன் அங்கம். நகரத்துக்குள் ரயில் தூண்களுக்கு நடுவே சரக்குப் படகு ஓடும் என்று நான் கனவு காணவில்லை. ஆனால் முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு பயணிகள் படகு ஓட்டுவது கனவில்லை. தூர்வாரி, இரண்டு துறைகள் கட்டினால் போதும். தக்ஷிணசித்ராவைப் பார்த்துவிட்டுப் படகேறிக் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழி ஒன்று இருந்தால் எந்த வெளிநாட்டுப் பயணி வேண்டாம் என்பார்?

நகரத்துக்குள் முதல் வேலை கழிவுநீரை நிறுத்துவது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் இயந்திரம் இறக்கி ஆகாயத்தாமரையும் சேறும் வாருகிறார்கள். குழாய்கள் மறுநாளே மறுபடி கொட்டுகின்றன. கால்வாய் உயிரோடு இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது, ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பல இடங்களில் இந்தக் கால்வாய் அந்த நீரை வாங்கிக்கொண்டு பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக வந்து சேர்வதும் இங்கேதான். இது அடைபட்டால் தென்சென்னையின் வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது வேலைக்குச் செலவு அதிகமில்லை. கிரீன்வேஸ் சாலை அருகே, கால்வாய் அடையாற்றைத் தொடும் இடத்தில், ஒரு கல் நட வேண்டும். பக்கிங்காம் பெயர் அதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. மூன்று செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: வெட்டிய ஆண்டு 1877–78, வெட்டிய காலம் தாது வருஷப் பஞ்சம், வெட்டியவர்கள் ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் கூலியாக இருந்த காலத்தில் மண் சுமந்த ஏழை எளிய ஆண்களும் பெண்களும்.